கூரையைத் தொடாத சுவர்

சுதன்,

உன்னிடம் வருவதற்கு விசா கிடைத்துவிட்டது என்று நேற்றுத்தான் கொழும்பிலிருந்து சொன்னார்கள். தை பிறந்ததும் வந்து உன் கலியாணத்தில் உன் பக்கத்தில் நிற்பேன். நேரில் வரப்போகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். அங்கே வந்தபிறகு உன்னைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள், புது மருமகள் இருப்பாள், எனக்கும் வாய் வராது. தொலைபேசியில் சொல்லவும் மனமில்லை. தொலைபேசியால் வந்த வினைதான் இது. அரியாலையில் உன் சின்ன மாமா வீட்டு முன்னறையில் இருந்து எழுதுகிறேன். தனியே இருக்கும்போது வாசி.

எங்களுடைய பழைய வீட்டை நீ மறந்திருக்க மாட்டாய். ஐந்து வீடு ஒரே வரிசை, தெருப்பக்கம் முழுக்க ஒரே நீள விறாந்தை, கட்டையான தடித்த தூண்கள், முழங்கை நீளத்துக்குத் தடித்த கடல் முருகைக்கல் சுவர்கள், கதவுகளுக்கு மேலே அரைவட்டக் கண்ணாடி. ஐந்து வீட்டுக்கும் கூரை ஒன்று. ஒல்லாந்தர் காலத்தில் யாரோ ஒரு வியாபாரி கட்டி, பிறகு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது என்று உன் அப்பா சொல்வார். உண்மையோ தெரியாது. ஆனால் அந்த வீட்டைப்பற்றிய ஒரு விசயம் உனக்கு மறந்துபோய்விட்டது என்று நினைக்கிறேன். ஒரு வீட்டையும் அடுத்த வீட்டையும் பிரிக்கிற சுவர் கூரைவரை போகாது. ஓட்டின் சரிவு தொடங்குகிற உயரத்தில் நின்றுவிடும். அதற்கு மேலே முதலாம் வீட்டிலிருந்து ஐந்தாம் வீடு வரைக்கும் ஒரே இருட்டு வெளி. கடற்காற்று ஒரு முனையால் புகுந்து மறுமுனையால் போவதற்காக அப்படி விட்டார்களாம். காற்றோடு எல்லாமும் போகும். யார் வீட்டில் மீன் பொரிக்கிறார்கள், யார் வீட்டுப் பிள்ளைக்கு இருமல், யார் பல்லை நெருமிக்கொண்டு நித்திரை கொள்கிறார்கள் என்று ஐந்து வீட்டுக்கும் தெரியும்.

கலியாணமாகி நான் அந்த வீட்டில் குடித்தனம் தொடங்கியபோது எனக்கு அது பெரிய அந்தரமாக இருந்தது. உன் அப்பாவும் நானும் சண்டை பிடிக்க வேண்டுமென்றால் பின்வளவுக் கிணற்றடிக்குப் போய்த்தான் பிடிப்போம். குசினிக் கதவைத் திறந்து, செருப்பைத் தேடிப் போட்டு, வாழையடியைக் கடந்து கிணற்றடிக்குப் போய்ச் சேருவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். மிச்சப் பாதிக்கு அவர் ஒரு வாளி தண்ணீரை அள்ளித் தன் காலில் ஊற்றிக்கொண்டு நிற்பார். நீயும் உன்னவளும் இருக்கப்போகிற தொடர்மாடியில் கிணற்றடி இருக்காது. சண்டை வரும்போது எழும்பிப் போய்க் கதைக்க ஒரு தூரமான இடத்தை இப்போதே பார்த்து வைத்துக்கொள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பிலோமினா அன்ரி. இந்தப் பக்கம் நாங்கள். நீயும் அவருடைய அன்ரனும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். அப்பா பின்னேரங்களில் உனக்கு ஆங்கிலம் படிப்பிப்பார். அவர் கேள்வி கேட்பார், நீ முகட்டைப் பார்த்து யோசிப்பாய், அதற்குள் சுவருக்கு மேலால் அன்ரனின் மறுமொழி வந்துவிடும். "அங்காலை இருக்கிற மாணவன் கெட்டிக்காரன்" என்று அப்பா சிரிப்பார். காசு கொடுக்காமல் ஒரு பிள்ளை முழு ஆங்கிலமும் படித்தது. நீ கோபித்துக்கொண்டு புத்தகத்தை மூடுவாய்.

யுத்தத்தில் பாதை பூட்டியிருந்த காலத்தில் ஒரு பின்னேரம் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன அன்ரன் திரும்பி வரவில்லை. அவனுடைய சைக்கிள் சந்தியில் ஒரு மதிலோடு சாத்தியபடி நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு வந்து அவர்களுடைய விறாந்தையில் விட்டது உன் அப்பாதான். அன்ரி இராணுவ முகாம் முகாமாகப் போனார், அரசாங்க அதிபரின் கச்சேரிக்குப் போனார், பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு போகாத இடமெல்லாம் போனார். அதே கிழமைகளில் நான் உன்னைக் கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்கும் அங்கிருந்து வெளிநாட்டுக்கும் அனுப்பும் ஒழுங்கைச் செய்துகொண்டிருந்தேன். நானும் அப்பாவும் காதுக்குள்தான் கதைத்தோம். இருந்தாலும் கேட்டிருக்கும். நீ வெளிக்கிட்ட அன்று விடிய அவர் வந்து உன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார். "கவனமாய்ப் போட்டு வா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய பிள்ளை போன இடம் தெரியாமல் நிற்கிறபோது நான் என் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அது பிழையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குப் பிறகு உன்னிடமிருந்து தொலைபேசி வந்தால் நான் சிரிக்கும் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு பழைய கட்டடங்களைப் பார்க்கிற திணைக்களத்தார் வந்தார்கள். அளந்தார்கள், படமெடுத்தார்கள். பிறகு எங்கள் வரிசை பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று முதல் தூணில் ஒரு பலகை அடித்தார்கள். முகப்பை மாற்றக்கூடாது, தூணை இடிக்கக்கூடாது, ஓட்டைக் கழற்றித் தகரம் போடக்கூடாது. அப்போது வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் முணுமுணுத்தார்கள். ஒருவருக்கு மேல்மாடி எழுப்ப ஆசை, இன்னொருவருக்கு முன்னறையைக் கடையாக்க ஆசை. சந்தோசப்பட்ட ஒரே ஆள் பிலோமினா அன்ரி. பலகை அடித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். பிறகு என்னிடம் வந்து, "இனி ஒருத்தரும் இதை மாத்தேலாது தங்கச்சி. அவன் வந்தால் வீட்டை அடையாளம் தெரியும்" என்றார்.

நான் ஓம் அக்கா என்றேன். வருடா வருடம் அவர் முன்கதவுக்குப் பச்சை நிறம் அடிப்பிப்பார். கடைக்காரன் வேறு பச்சையைக் கொடுத்தால் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். மரித்தவர்களின் நாளில் அவர்களுடைய கோவிலில் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். அவர் தாய், தகப்பன், புருசன் எல்லாருடைய பெயரையும் கொடுப்பார், அன்ரனின் பெயரைக் கொடுக்கமாட்டார். ஒருமுறை புதிதாக வந்த பாதிரியார் ஒருவர் அன்ரனின் பெயரையும் எழுதவா என்று ஏதோ நல்ல மனதோடு கேட்கப்போய், அன்ரி பூசை முடியும்வரை நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு இந்த ஊரில் யாரும் அதை வாயால் எடுக்கவில்லை. மீன்காரியிலிருந்து விதானையார் வரைக்கும் எல்லாரும் "தம்பி" என்றுதான் கதைப்பார்கள். "தம்பி இருந்தால்" என்று சொல்லமாட்டார்கள். "தம்பி வந்தால்" என்று சொல்வார்கள். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவில்லை அது. அப்படியே நடந்தது.

அப்பா கண்ணை மூடினார். முதல் வீட்டார் லண்டனுக்கும், கடைசி இரண்டு வீட்டாரும் அவுஸ்திரேலியாவுக்கும் போனார்கள். ஐந்து வீட்டில் இரண்டில்தான் விளக்கு எரிந்தது. பூட்டிக்கிடந்த வீடுகளின் ஓடு சரிந்து, மழைத்தண்ணீர் பனைமரச் சலாகைகளில் இறங்கி, ஒரே கூரையாதலால் உக்கல் எங்கள் பக்கத்துக்கும் நகர்ந்து வந்தது. போன மாரியில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேனே, அந்தக் கதையை உனக்கு முழுக்கச் சொல்லவில்லை. எழும்ப முடியவில்லை. கூப்பிடவும் மூச்சு வரவில்லை. வாளி உருண்ட சத்தமும் என்னுடைய ஒரு முனகலும் சுவருக்கு மேலால் போயிருக்கின்றன. அன்ரி ஓட்டோக்காரப் பெடியனையும் கூட்டிக்கொண்டு பின்பக்கத்தால் வந்து என்னைத் தூக்கினார். சீமெந்து வீடாக இருந்திருந்தால் நான் அங்கேயே கிடந்து போயிருப்பேன்.

அந்த விழுகைக்குப் பிறகுதான் நீ ஒற்றைக் காலில் நின்றாய். என்னை இனித் தனியே விடமாட்டேன் என்றாய். அது என்மேல் உள்ள பாசம், எனக்குத் தெரியாததில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து வீடு வாங்குகிறவர்கள் வந்தார்கள். தெருப்பக்கம் ஒரு கல்லும் அசையாது, உள்ளுக்குள் குறுக்குச் சுவர்களை எடுத்து உல்லாசப் பயணிகளுக்கு விடுதி செய்வோம், அதற்கு அனுமதியும் கேட்டு வைத்திருக்கிறோம் என்றார்கள். வெளிநாட்டில் இருந்த மூன்று வீட்டாரும் உடனே சம்மதித்தார்கள். ஒரே கூரை, பொதுச்சுவர். வாங்கினால் ஐந்தையும் வாங்குவோம், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்பது அவர்களுடைய பேச்சு. அன்ரி மாட்டேன் என்றார். நான் மறுமொழி சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். நீ ஒவ்வொரு கிழமையும் எடுத்து, அன்ரியோடு கதையுங்கோ, சம்மதிக்கப் பண்ணுங்கோ என்றாய். நான் கதைக்கவில்லை. கதைத்தேன் என்று உன்னிடம் ஒருமுறை பொய் சொன்னேன்.

அந்தப் பின்னேரம் உனக்கு நினைவிருக்கும். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் நான் தொலைபேசியை எப்போதும் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்துவிட்டுத்தான் கதைப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அன்ரி தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்குச் சுவர் மணிக்கூட்டின் சத்தம் போல, கேட்டும் கேட்காமலும் இருந்தது. நீ வேலையால் களைத்து வந்திருந்தாய். கலியாண மண்டபம், என் விசா, வீடு என்று எல்லாவற்றையும் நீ ஒருவனே இழுத்துக்கொண்டிருந்தாய். நான் வழக்கம்போல, அவ பாவம், அவவை விட்டிட்டு எப்பிடி என்று தொடங்கினேன். நீ வெடித்தாய்.

"அம்மா, அன்ரன் இல்லை. அவன் செத்து எத்தினை வருசம். அது அவவுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். செத்தவன் வருவான் எண்டு அந்த மனிசி இருக்கிறதுக்காக நீங்கள் கூரை விழுந்து சாகப்போறியளே?"

நான் தொலைபேசியைக் கையில் எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ சொன்னது ஒன்றும் என் மண்டைக்குள் போகவில்லை. தேங்காய் திருவுகிற சத்தம் நின்றுவிட்டது. நான் அது மறுபடி தொடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தொடங்கவில்லை. அன்றிரவு அந்தப் பக்கத்தில் அடுப்பு மூட்டிய மணமும் வரவில்லை.

விடிந்ததும் அவர் விறாந்தையால் நடந்து வந்தார். தலை வாரி, வெளியே போகிற சேலை கட்டியிருந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"தங்கச்சி, நான் கையெழுத்து வைக்கிறன். அவையளுக்குச் சொல்லிவிடுங்கோ."

அக்கா, நேற்று அவன் களைப்பில் ஏதோ சொன்னான், மனதில் எடுக்கவேண்டாம் என்று நான் தடுமாறினேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"நான் இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருந்தனான் எண்டே நினைச்சனீங்கள்? எனக்குத் தெரியும். ஆனால் ஒருத்தரும் வாயாலை சொல்லாத மட்டும் அவன் இருந்தவன்."

பிறகு போகத் திரும்பியவர் கதவடியில் நின்று, "எனக்குக் கேட்டது எண்டு சுதனுக்குச் சொல்லாதேங்கோ. அவன் நல்ல பெடியன். தாயை நினைச்சுத்தானே சொன்னவன்" என்றார்.

நான் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைத்தான் இப்போது இந்தக் கடிதத்தில் மீறிக்கொண்டிருக்கிறேன்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். கையெழுத்து முடிந்தது. அன்ரி குருநகரில் தன் தங்கச்சியின் மகள் வீட்டில் ஒரு புது அறைக்குப் போனார். எல்லாம் வேகமாக நல்லபடி முடிந்துவிட்டது என்று நீ சந்தோசப்பட்டாய், அன்ரி கடைசியில் மனம் மாறினது நல்லது என்றாய். நான் ஓம் என்றேன். புரட்டாதியில் ஒருநாள் அலுமாரிச் சாமான் எடுக்க அங்கே போனேன். தெருவில் நின்று பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. தூண், விறாந்தை, ஓடு, பலகை எல்லாம் அப்படியே. வெள்ளைக்காரச் சோடி ஒன்று நின்று படமெடுத்துக்கொண்டிருந்தது. பச்சைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே சுவர் இல்லை. இரண்டு முன்னறையும் ஒரே மண்டபமாகக் கிடந்தது. முருகைக்கல்லை ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். உடைத்த இடங்களில் சிப்பிகள் வெள்ளையாகத் தெரிந்தன. எங்களுடைய அறை எங்கே முடிந்தது, அவர்களுடையது எங்கே தொடங்கியது என்று நிலத்தில் கோடுகூட இல்லை. வேலைக்காரர்கள் என்னை யாரென்று கேட்டார்கள். இங்கே இருந்தனான் என்றேன். சாமான் ஒன்றும் எடுக்காமல் வந்துவிட்டேன்.

கார்த்திகையில் அன்ரி ஆள் அனுப்பினார், தன்னோடு கோவிலுக்கு வரச்சொல்லி. மரித்தவர்களின் நாள். எனக்கு அங்கே எப்போது எழும்ப வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்று தெரியாது. அவர் எழும்பினால் எழும்பினேன், இருந்தால் இருந்தேன். பாதிரியார் பெயர்களை வாசித்துக்கொண்டே போனார். நீளமான வாசிப்பு. அன்ரியின் தாய், தகப்பன், புருசன். அதற்குப் பிறகு அன்ரன். மற்றப் பெயர்களை வாசித்த அதே குரலில், ஒரு அசைவும் இல்லாமல் வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அன்ரி அழவில்லை. முன்னால் இருந்த நீள மரவாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெயர்கள் எல்லாம் முடிந்தபிறகும் கையை எடுக்கவில்லை.

பிறகு சேமக்காலைக்குப் போனோம். எல்லாரும் தங்கள் தங்கள் ஆட்களின் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அன்ரியிடம் ஒரு திரி மிஞ்சியது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கல்லறை இல்லாதவர்களுக்கு நடுவில் இருக்கிற பெரிய சிலுவையின் அடியில் கொளுத்துவார்கள் என்று யாரோ ஒரு பெண் சொன்னார். அங்கே ஏற்கெனவே நிறையத் திரிகள் எரிந்துகொண்டிருந்தன. இவ்வளவு பேரா என்று எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டேன். காற்றை மறைத்துக் கொளுத்திக் கொடுத்தது நான்.

வரும் வழியில் அவர் கேட்டார்: "சுதனுக்கு மாப்பிள்ளைத் தோழன் ஆர்?"

பெண்ணின் தம்பி என்றேன்.

"நல்லது," என்றார்.

மகனே, உன்னைக் குற்றவாளிக் கூட்டில் ஏற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை. நீ சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. இந்த ஊர் முழுக்கத் தெரிந்து வைத்திருந்ததைத்தான் சொன்னாய். ஆனால் அதைச் சொல்லாமல் இருப்பதற்காக எத்தனை பேர் எத்தனை வருடம் நாக்கைக் கட்டி வைத்திருந்தார்கள் என்பது உனக்குத் தெரியாது. நீ தூரத்தில் இருந்தாய். உன்னைத் தூரத்துக்கு அனுப்பினது நான். உனக்குச் சொல்லவேண்டாம் என்று அன்ரி என்னைக் கேட்டது உன்மேல் உள்ள இரக்கத்தால். நான் சொல்வதும் அதே இரக்கத்தால்தான் என்று நினைக்கிறேன். ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழத் தொடங்கப்போகிறாய். இனி நீ சொல்கிற ஒவ்வொன்றும் ஒருத்தியின் காதில் விழும். அது எங்கே போய் விழுந்தது என்று தெரியாத மனிதனாக நீ இருக்கக்கூடாது.

இதை வாசித்துவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துவிடும். அது மட்டுமில்லை, உன்னை ஆறுதல்படுத்துகிற வேலையும் அவர் தலையில்தான் விழும். தொலைபேசி எடுத்துக் கலியாணத்துக்குச் சொல்லு. அவர் வரமாட்டார், வர அவருக்கு வழியுமில்லை. இருந்தாலும் உன் வாயால் சொல்லு. அவர் சுகம் விசாரிப்பார், சாப்பாடு கேட்பார், பெண்ணின் ஊர் கேட்பார். தொலைபேசியை வைக்கப் போகிற நேரம் அன்ரனைப்பற்றி ஒன்று சொல்லு. நீங்கள் இரண்டு பேரும் சைக்கிளில் எங்கெல்லாமோ திரிந்தீர்கள், எங்களுக்குத் தெரியாமல் என்னென்னவோ செய்தீர்கள். அதில் ஒன்று. சின்னதென்றாலும் பரவாயில்லை. அவரிடம் இருக்கிற அன்ரன் அவருக்குத் தெரிந்த அன்ரன் மட்டும்தான், இனி அவனைப்பற்றிப் புதிதாக எதையும் அவருக்குச் சொல்ல உன்னைத்தவிர ஆளில்லை.

அம்மா